பத்துமலைக்கு அப்பால்: அணைகளை ஒட்டிய மலைச் சாலைகளில் சைக்கிள் பயணம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஏரி என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை மனிதர் உண்டாக்கியவை. ஈயம் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி உருவான குட்டைகள் ஒரு வகை. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீருக்காகவும் வெள்ளத் தடுப்புக்காகவும் ஆறுகளை மறித்துக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள் இன்னொரு வகை. சைக்கிளில் சுற்றுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகை பெரிய வரம். அணைக்கு மலை வேண்டும், மலைக்கு மேல் காடு வேண்டும். அணை எழுந்த பிறகு அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வீடமைப்புத் திட்டங்கள் எளிதில் நுழைய முடிவதில்லை. ஆகையால் கோலாலம்பூரின் நெரிசலிலிருந்து அரை நாள் மிதித்தாலே, ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் மூங்கில் புதருமாக வளைந்து செல்லும் பழைய சாலைகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. பத்துமலையிலிருந்து பத்து அணை வழியாக உலு யாம் செல்லும் சாலை, கோல குபு பாருவிலிருந்து சுங்கை சிலாங்கூர் அணையைத் தொட்டுப் பிரேசர் மலைக்கு ஏறும் சாலை, உலு லங்காட்டிலிருந்து பெராஸ் கணவாய் வழியாக ஜெலெபுவுக்கு இறங்கும் சாலை ஆகிய மூன்றிலும் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். முதன்முறை புறப்படுகிறவர்கள் என்னிடம் எப்போதும் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். இந்த நாட்டு வெயிலிலும் மழையிலும் ஒரு பயணம் நன்றாக அமைவதையும் அவதியில் முடிவதையும் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது என்பதை அவர்களுக்கு விளக்குவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடுகிறது.

நம் கடிகாரமே சற்று விசித்திரமானது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கினார்கள். அதன் விளைவாக இங்கே பொழுது விடியும்போது மணி ஏழைத் தாண்டிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் இருட்டுதான். வெளிச்சம் வரட்டும் என்று ஏழரை மணிவரை காத்திருப்பவர், பத்தரை மணிக்கெல்லாம் தார் கொதிக்கத் தொடங்கும் நாட்டில் நாளின் மிகச் சிறந்த ஒன்றரை மணி நேரத்தைக் கட்டிலில் செலவழித்துவிட்டார் என்றே பொருள். முன்னும் பின்னும் நல்ல விளக்குகளை மாட்டிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவதே என் பழக்கம். பிற்பகலின் கதை வேறு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரையில் இடியுடன் கூடிய மாலை மழை ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. மேகம் முதலில் திரள்வது தித்திவங்சா மலைத்தொடரின் மேல்தான். நகரில் வெயில் அடிக்கிறது என்பதற்காக மலையிலும் அடிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எந்தக் கணவாயாக இருந்தாலும் நண்பகலுக்குள் உச்சியைக் கடந்துவிடும்படி கணக்குப் போட்டால், மழை இறக்கத்தில் பிடித்தாலும் ஊருக்கு அருகில் பிடிக்கும்.

முதல் பாதையாக நான் எவருக்கும் சொல்வது உலு யாம் சாலையை. பத்துமலையின் பின்புறமாகச் சுங்கை துவா சாலையில் திரும்பினால், சிறிது தூரத்திற்குக் கடைகளும் பட்டறைகளும் கிராமத்து வீடுகளும் வரும். அதன்பின் மரங்கள் இருபுறமும் நெருங்கிக் காற்றே மாறிவிடும். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட பத்து அணையின் நீர்ப்பரப்பு மரங்களின் இடைவெளியில் தெரியத் தொடங்குவதும், ஏற்றம் தொடைகளில் தெரியத் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான். உலு யாம் பாருவரைக்கும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஏற்றம் நீளமானதன்று, ஆனால் புதிதாக ஓட்டுகிறவருக்குத் தன் கியர் போதுமா, தன் மூச்சு போதுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது பதில் சொல்லிவிடும். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பத்துமலையைச் சுற்றியுள்ள சாலைகளில் பக்தர்கள் வெள்ளமும் போக்குவரத்து மாற்றங்களும் இருக்கும், சைக்கிளோடு அங்கே நுழைவது யாருக்கும் நன்மையன்று.

இந்தச் சாலையின் உண்மையான தொல்லை சனி, ஞாயிறு காலைகளில் பெரிய மோட்டார் சைக்கிள்களில் வரும் இளைஞர்கள். வளைவுகளில் சாய்ந்து திரும்புவதற்கென்றே அவர்கள் வருகிறார்கள்; இடப்பக்க வளைவின் உட்புறத்தில் ஒட்டிப்போகும் சைக்கிள்காரர், பின்னால் வருகிறவர் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் படுவார். அத்தகைய வளைவுகளில் ஓரத்தோடு ஒட்டாமல், சாலையின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுவதையே நான் விரும்புகிறேன். சிறிது முன்னதாகவே கண்ணில் பட்டுவிடுவோம். ஒதுங்க வேண்டியிருந்தால் ஒதுங்கவும் இடம் இருக்கும். வார நாளில் விடுப்பு எடுக்க முடிகிறவர்கள் வார நாளில் வருவதே மேல். உலு யாம் பாருவில் லோ மீ என்னும் சீன நூடுல்ஸ் பெயர் பெற்றது. காலை உணவு நேரத்தில் போய்ச் சேர்ந்தால், கொழகொழப்பான குழம்பில் மிதக்கும் அந்தத் தடித்த மீயை உண்டு முடித்த பிறகு மறுபடி மிதிக்க மனம் வருமா என்பது தனிக் கேள்வி. இறைச்சி உண்ணாதவர்கள் கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும்.

உலு யாமிலிருந்து பத்தாங் காலி, ராசா வழியாகக் கோல குபு பாருவுக்குச் செல்லும் பகுதி பெரும்பாலும் சமநிலம். ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் லயங்களுமாக இருந்த தோட்டங்கள் இன்று செம்பனையாக மாறிவிட்டன. நம்மவர் பலர் அருகிலுள்ள தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு, குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் தோட்டச் சாலை பிரியும் இடங்களில் ஆலமரத்தடி முனீஸ்வரர் அப்படியே நிற்கிறார். காட்சி என்று சொல்ல இங்கே அதிகம் இல்லை. செம்பனைப் பழக் குலைகளும் மணலும் ஏற்றிய லோரிகள் ஓடும் சாலை என்பதால், வேகமாகக் கடந்துவிட வேண்டிய பகுதி என்பதே என் கருத்து. பஞ்சரும் பெரும்பாலும் இங்கேதான் ஆகும்.

ராசாவுக்கு அருகில் அப்படி ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நிறுத்தினார். டியூபில் ஓட்டை இருந்தது. டயரில் ஆணியோ கண்ணாடியோ எதுவும் தென்படவில்லை. "கம்பி இருக்கும் தம்பி, நல்லாத் தேடிப் பாருங்க. லோரி டயரு வெடிச்சா ரோடு முழுக்க அந்தக் கம்பிதான்," என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கனரக வாகனங்களின் டயர்களுக்குள் எஃகு இழைகள் பின்னப்பட்டிருக்கின்றன. டயர் கிழியும்போது அவை தலைமயிர் கனத்தில் துண்டு துண்டாகச் சாலையோரத்தில் சிதறுகின்றன. விரலால் தடவினால் சில சமயம் அகப்படாது, அகப்பட்டால் விரலைக் கிழித்துவிடும். ஒரு பஞ்சுத் துணுக்கை டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கிக்கொள்ளும். பிறகு சாமணத்தால் பிடுங்க வேண்டும். இதைச் செய்யாமல் புது டியூபைப் போட்டுக் காற்றடித்தவர்கள், அடுத்த ஐந்தாவது நிமிடம் மீண்டும் சாலையோரத்தில் உட்கார வேண்டியதுதான். அன்றுமுதல் என் கருவிப் பையில் ஒரு சிறிய சாமணமும் பஞ்சும் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டன. பெரியவர் போகும்போது கிழக்கே கையைக் காட்டி, "அங்க பாருங்க, மலை தெரியல. மலை மறைஞ்சுட்டா ரெண்டு மணி நேரத்துல இங்கயும் வந்துடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வானிலைச் செயலியையும்விட இந்த ஒரு குறிப்பை நான் அதிகமாக நம்புகிறேன். மலைத்தொடரின் முகடு தெரிகிறதா என்று மணிக்கொருமுறை பார்த்துக்கொண்டால், ஏறலாமா தங்கலாமா என்ற முடிவை உரிய நேரத்தில் எடுத்துவிடலாம்.

கோல குபு பாருவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் மலையேறுவதே நான் சிபாரிசு செய்யும் முறை. நகரமே நீரால் இடம் மாறியது. 1883இல் பழைய கோல குபுவின் மேலே இருந்த அணை உடைந்து ஊரை அழித்தது. பின்னர் வந்த வெள்ளங்களும் ஓயாததால், மேட்டு நிலத்தில் திட்டமிட்டு அமைத்த புது ஊர் இது. அகலமான தெருக்களும் பழைய கடைவீட்டு வரிசைகளும் நிழல் மரங்களுமாக, சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மாலையைக் கழிப்பதற்கு இதமான இடம். ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரயில் நிலையம் நகருக்குள் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. மடிக்கும் சைக்கிளை உறையிலிட்டு கொமுட்டர் ரயிலில் ஏற்றிவிடலாம். முழு அளவு சைக்கிளுக்கு நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். அதில் முதல் 30 கிலோமீட்டர் கேப் என்னும் கணவாய்வரை, மீதி அங்கிருந்து உச்சிக்கு. சாலை தொடக்கத்திலேயே சுங்கை சிலாங்கூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி உயர்ந்து, நீண்ட தூரத்திற்கு நீரின் வளைவுகளையே பின்பற்றிச் செல்கிறது. காலை ஏழரை மணி வெளிச்சத்தில், பனி முழுவதும் விலகாத அந்த நீர்ப்பரப்பைப் பார்ப்பதற்காகவே எத்தனை முறையும் வரலாம். ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த அணைக்காகப் பெர்த்தாக், கெராச்சி ஆகிய தெமுவான் பூர்வகுடிக் கிராமங்களை இடம்பெயர்த்தார்கள். அவர்களின் புதிய குடியிருப்பைச் சாலையிலிருந்தே காணலாம். வேகத்தைக் குறைத்து, எதிரே வருகிறவர்களுக்குத் தலையசைத்துச் செல்வது குறைந்தபட்ச மரியாதை. கேட்காமல் வீட்டு முற்றங்களைப் படம் எடுக்காமலிருப்பது அதைவிட முக்கியம்.

அணையைத் தாண்டிவிட்டால் நம்பி நிற்கக்கூடிய கடை மலையுச்சிவரை கிடையாது. ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு. அதில் ஒரு பாட்டிலில் உப்புக்கரைசல் பொடி கலந்திருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே வியர்வை கொட்ட ஏறினால் மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உணவுக்கு, முதல்நாள் இரவே கட்டிவைத்த புளிச்சோறுக்கு இணையாக நான் எதையும் கண்டதில்லை. அது கெடாது, உப்பு இருக்கிறது, மலையில் ஆறிப் போனாலும் சுவை குறையாது. கடையில் விற்கும் விலையுயர்ந்த சத்துக் கட்டிகள் இந்த வெப்பத்தில் உருகிப் பையோடு ஒட்டிக்கொள்கின்றன.

ஏற்றம் எங்கும் கொடூரமாக இராது; ஆனால் நிற்காமல் தொடரும். கியர் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பேசுகிறார்கள். மூட்டையோடு மலையேறுகிறவருக்குத் தேவை மிகச் சிறிய கியர். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்றே சுற்றி ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று அமைதியாக மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். கோல குபு பாருவிலிருந்து உச்சிவரைக்கும் அதே வேகத்தில் போனாலும் ஐந்து மணி நேரம். ஆகவே காலை ஆறரைக்குப் புறப்படுகிறவர் நடுவில் சற்று நின்றாலும் நண்பகலையொட்டிச் சேர்ந்துவிடுவார்; ஒன்பது மணிக்குப் புறப்படுகிறவர் கேப்புக்கு வருவதற்குள் மேகமும் வந்துவிடும். மூட்டைகளோடு செல்பவர்களுக்கு முன்பல் 30 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் முழங்கால் வாழ்த்தும்.

வழியில் ஓரிடத்தில் நினைவுக் குறி ஒன்று உண்டு. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தின் உச்சத்தில், பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது கம்யூனிஸ்டுப் படையினர் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றது இந்தச் சாலையில்தான். சைக்கிளில் போகும்போது அந்த இடத்தின் தந்திரம் புரிகிறது: செங்குத்தான மண்சுவர், குறுகிய வளைவு, எந்த வாகனமும் தன்னையறியாமல் வேகம் குறைக்கும் இடம். காரில் போகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

கேப்பிலிருந்து உச்சிக்கு இரண்டு சாலைகள் உள்ளன. ஏறுவதற்குப் பழைய சாலை, இறங்குவதற்குப் புதிய சாலை என்பது வழக்கமான ஏற்பாடு. மண்சரிவால் ஒன்று மூடப்பட்டால், மற்றொன்றிலேயே நேரம் வைத்து மேலேயும் கீழேயும் மாற்றி விடுவார்கள். புறப்படுவதற்கு முன் அன்றைய நிலவரத்தை மேலே தங்கவிருக்கும் விடுதியில் கேட்டுவிட வேண்டும். பழைய சாலை குறுகியது, பாசி படிந்தது, அற்புதமானது. பறவை பார்க்கிறவர்கள் தொலைநோக்கியோடு ஓரமாக நிற்பார்கள், அவர்களுக்கு அருகில் மணியை அடித்தால் முறைப்பார்கள். 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் அந்தச் சிறிய மணிக்கூண்டுச் சதுக்கத்தில் போய் நிற்கும்போது வெப்பநிலை சமவெளியைவிட ஏழெட்டுப் பாகை குறைவு. நனைந்த சட்டையோடு நின்றால் பத்தே நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். நெகிழிப் பையில் சுற்றிய உலர்ந்த சட்டை ஒன்றும், இறக்கத்துக்கு மெல்லிய காற்றுத் தடுப்பு மேலாடை ஒன்றும் கட்டாயம் தேவை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வருவது ஆபத்து. சக்கர வளையமும் கட்டைகளும் சூடேறிப் பிடிப்பு குறையும். நேரான பகுதியில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னதாக இரண்டு பிரேக்குகளையும் உறுதியாகப் பிடித்து, வளைவுக்குள் நுழைந்ததும் தளர்த்திவிட வேண்டும்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் மிக மோசமானது. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசும் கரைந்து வழுக்கும். இடி முழங்கும்போது நீர்த்தேக்கத்தின் கரையிலும் தனிமரத்தின் அடியிலும் நிற்கக் கூடாது. ஆற்றில் இறங்கிக் கால் நனைக்க எண்ணுகிறவர்கள், 'கெப்பாலா ஆயர்' என்று இங்கே எல்லோரும் அறிந்திருக்கும் திடீர்ப் பெருக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும், மேலே பெய்த மழை திரண்டு சில நிமிடங்களில் வந்துவிடும். தெளிந்திருந்த நீர் கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் மாறுவதும் அதற்கான அறிகுறிகள். கண்டவுடன் கரையேறிவிட வேண்டும், செருப்பை எடுக்கத் திரும்பக் கூடாது. கூடாரம் கட்டித் தங்குகிறவர்களுக்கு இன்னும் கடுமையான எச்சரிக்கை உண்டு. 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலிக்கு அருகே முகாமொன்றின் மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். அன்றிலிருந்து, வெட்டப்பட்ட சரிவுக்குக் கீழே எவ்வளவு அழகான இடம் கிடைத்தாலும் நான் கூடாரம் விரிப்பதில்லை. ஊருக்குள் அறை எடுத்துக்கொள்கிறேன்.

குரங்குகளையும் நாய்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணைக்கரைக் குரங்குகளுக்குப் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும். அவற்றின் முன்னால் உணவை எடுக்காதீர்கள். டுரியான் தோப்புகளைக் காக்கும் நாய்கள் துரத்தும்போது வேகமாக மிதித்தால் மேலும் துரத்தும். இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால், பெரும்பாலும் தன் எல்லை முடிந்ததும் அது திரும்பிவிடுகிறது.

உலு யாமையும் பிரேசர் மலையையும் முடித்தவர்களுக்கு உலு லங்காட் வழி காத்திருக்கிறது. பழைய மைல்கல் கணக்கில் பத்து 14, பத்து 18 (மலாயில் 'பத்து' என்றால் கல்) என்று பெயர்பெற்ற ஊர்களைக் கடந்ததும் பாதைகள் பிரிகின்றன. ஒன்று 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலையின் அடிவாரத்துக்குச் செல்கிறது. மற்றொன்று செமினி அணையையும் சுங்கை தெக்காலாவையும் தொட்டுச் செமினிக்கு இறங்குகிறது. ஒரே நாளில் திரும்ப நினைப்பவர்கள் செமினிப் பக்கம் இறங்கிக் காஜாங்கில் சாத்தே சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஒதுக்க முடிகிறவர்கள் மாநில எல்லையான பெராஸ் கணவாயை ஏற வேண்டும். இது பிரேசர் மலைச் சாலையைவிடக் குட்டையானது, ஆனால் செங்குத்தானது. வளைவுக்குப் பின் வளைவாக, மூச்சு வாங்க இடம் கொடுக்காமல் ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மோட்டார்களின் நெரிசல் இங்கே உலு யாமைவிட அதிகம். ஆகவே சனிக்கிழமை அதிகாலையில் ஏறி, மறுபுறம் தீத்தி வழியாக இறங்கி, ஜெலெபு மாவட்டத்தின் தலைமையிடமான கோல கிளாவாங்கில் தங்குவதே பொருத்தமானது. மாலையில் பொழுதிருந்தால் அங்குள்ள மரபு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

மறுநாள் அதே வழியில் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை மோட்டார்களுக்கு நேர் எதிரே போக வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகப் புக்கிட் தங்கா வழியாகச் சிரம்பானுக்குச் செல்லலாம். கிளாவாங்கிலிருந்து காலையிலேயே அந்த ஏற்றத்தை முடித்துவிட்டால், பிறகு நீண்ட இறக்கம் ஜெராம் தோய் அருவியைக் கடந்து நகருக்குக் கொண்டுபோய் விடுகிறது. லோரிகள் குறைந்த ஞாயிறு காலைக்கு இந்த இறக்கம் பொருந்தும். வார நாளில் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயில் ஓடுகிறது. மதியத்துக்குள் நிலையம் சேர்ந்துவிட்டால் பெட்டியில் இடமிருக்கும். மாலையில் வார விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களின் கூட்டம் ஏறிவிடும், சேறு படிந்த சைக்கிளோடு அவர்களுக்கு நடுவில் நிற்பது இரு தரப்புக்கும் சங்கடம்.